பெட்டிக்குள்ள ஒரு பைக்!

பைக்கை மடிச்சுப் பெட்டியில போட்டு, பாராசூட்டைக் கட்டி ஃப்ளைட்லேர்ந்து தள்ளிவிட்டா எப்படி இருக்கும்? சினிமா சீன் இல்லீங்க. இரண்டாம் உலகப் போர்ல பிரிட்டிஷ் ராணுவம் நிஜமாவே இதைச் செஞ்சுது.

வண்டி பேரு வெல்பைக். இங்கிலாந்துல வெல்வின் ஊருக்குப் பக்கத்துல இருந்த ரகசிய ஆராய்ச்சி நிலையத்துல பிறந்தது. பாராசூட்ல குதிக்கிற வீரருக்கு, தரையைத் தொட்டதும் நடராஜா சர்வீஸ்தான். அந்த நடையை மிச்சப்படுத்தத்தான் இந்த வண்டி.

டிசைனர்களுக்குப் பெரிய சவால், ஆயுதம் போடுற பாராசூட் உருளைக்குள்ள பைக் அடங்கணும். அகலம் வெறும் 15 அங்குலம்! ஹேண்டில்பாரை மடிச்சாங்க, சீட்டை உள்ளே இறக்கினாங்க, ஃபுட்ரெஸ்ட்டையும் மடக்கினாங்க. 98 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின், எடை சுமார் 32 கிலோ. கியர் கிடையாது, தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும். டேங்க் கார்புரேட்டரை விடக் கீழே இருந்ததால பெட்ரோல் தானா இறங்காது. அதுக்கு ஒரு கைப்பம்ப்! பெட்டியைத் திறந்து 11 செகண்ட்ல கிளம்பிடலாம்னு கணக்கு. செம இல்ல? 3,600-க்கும் மேல தயாரிச்சாங்க.

ஆனா, போர்க்களம் வேற மாதிரி இருந்தது. காத்துல வீரர் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம். பிரிக்க 11 செகண்ட் சரி, தேட எவ்வளவு நேரம்? கிடைச்சாலும் பொடிச் சக்கரம், சஸ்பென்ஷன் இல்லை, இன்ஜினுக்கும் அவ்வளவு தெம்பு இல்லை. குண்டும் குழியுமான ரோட்டுல ஓட்டுறதுக்கு நடக்கிறதே மேல்னு பல பேர் விட்டுட்டுப் போயிட்டாங்க.

அதே போர்ல இன்னொரு வண்டியும் இறங்குச்சு. இன்னிக்கு நம்ம சென்னையில இருக்கிற ராயல் என்ஃபீல்டு, அப்போ இங்கிலாந்து கம்பெனி. அவங்களோட 125 சிசி ‘ஃப்ளையிங் ஃப்ளீ’, அதாவது பறக்கும் தெள்ளுப்பூச்சி! எடை சுமார் 59 கிலோ. பெட்டிக்குள்ள அடங்குற சைஸ் இல்லை. அதனால வண்டியைச் சுருக்காம, அதைச் சுத்தி ஒரு இரும்புக் கூண்டு கட்டி இறக்கினாங்க. மூணு கியர், பெரிய சக்கரம். தகவல் கொண்டு போற வேலைக்கு நல்லாவே உதவுச்சு. 2024-ல அதே பேர்ல எலெக்ட்ரிக் பைக்கை அறிமுகப்படுத்தினது தனிக்கதை.

அப்போ வெல்பைக் ஃபெயிலா? அவசரப்படாதீங்க. போர் முடிஞ்சதும் அதே ஐடியாவைக் கொஞ்சம் மாத்தி, ‘கார்கி’ங்கிற பேர்ல மக்களுக்குக் கொண்டுவந்தாங்க. 1948-லேர்ந்து 1954 வரைக்கும் சுமார் 27,000 வண்டி தயாராச்சு! சேத்துல திணறின டிசைன், தார் ரோட்டுல ஓடுச்சு.

விஷயம் இதுதான். ‘பெட்டிக்குள்ள போகுமா?’ங்கிற கேள்விக்கு வெல்பைக் நூத்துக்கு நூறு. ‘இறங்கின இடத்துல ஓடுமா?’ங்கிறதுலதான் அரியர்!

ஃபைனல் இயர் மக்களே, உங்க ப்ராஜெக்ட் லேப் டேபிள் மேல சூப்பரா ஓடும், எக்ஸ்டர்னலும் தலையாட்டிடுவார். ஆனா அதை யூஸ் பண்ணப் போறவர் யாரு? எங்கே நின்னு, என்ன அவசரத்துல அதைத் தொடப் போறார்? ரிவ்யூவுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அவர் கையில கொடுத்துட்டு, வாயைத் திறக்காம பக்கத்துல நில்லுங்க. மிச்சத்தை அவர் முகமே சொல்லிடும்!