பல்லாவரத்துக் கல்

ரயிலில் போகையில் பல்லாவரத்துக் கருங்குன்றுகளை எத்தனை பேர் ஏறெடுத்துப் பார்க்கிறோம்? அப்பாறையின் வயது ஏறக்குறைய 250 கோடி வருஷம்! பூமிக்கடியில் இருபது கிலோமீட்டருக்கும் கீழே, 700, 800 டிகிரி உஷ்ணத்தில் வெந்து, நீர்ப்பசை நீங்கி, புதுத் தாதுக்கள் விளைந்து உருவான கல் அது. பூமி மெல்ல உயர, மேலிருந்தவற்றை மழையும் காற்றும் அரித்த பிறகே அது வெளிச்சத்தைக் கண்டது.

1690-களில் கல்கத்தாவில் மாண்ட கம்பெனி ஏஜெண்டு ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இக்கல்லைக் கொண்டுபோனார்கள். இரு நூற்றாண்டுக்குப் பின் பூகர்ப்ப சாஸ்திரி தாமஸ் ஹாலந்து அதை ஆராய்ந்து 'சார்னக்கைட்' என்று நாமகரணம் செய்தார். பிறந்த ஊர் பல்லாவரம், பெயரோ புதைந்தவருடையது! கல் ஆட்சேபிக்கவில்லை, நாமுந்தான்.

பரங்கிமலையில் ஒரு பகுதி தேசியச் சின்னமாகக் காக்கப்படுகிறது. மற்றதில் எவ்வளவோ ஜல்லியாகிப் பட்டணத்து வீதிகளின் அடியில் கிடக்கிறது.