உங்க ஆடியோகிராம் உங்க போன்ல. அவரோடது?

இந்த வாரம் ஏர்பாட்ஸ் ப்ரோ 2-இன் செவித்திறன் சோதனையைப் பற்றிப் பேசினோம். 2024-இல் வந்த வசதி. ஐந்து நிமிஷத்தில் ஆடியோகிராம் போனில் வந்துடும். அது உங்களுக்கே சொந்தம். அஜ்மான் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் நாள் முழுக்க கிரைண்டர் பிடிக்கும் நம்ம ஊர் ஆளுக்கு இது நம்மைவிட அதிகம் தேவை.

அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு சொல்லும் கணக்கு இது: 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதுக்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல்னா 15 நிமிஷம்தான். இரும்பில் கிரைண்டர் வைத்தால் அந்த அளவை சாதாரணமா தொட்டுடும். அடி முதலில் விழுவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம். அதனால் உயிரெழுத்து கேட்கும், ச, த மாதிரி மெய்கள் மங்கும். "காதுல விழுது, ஆனா புரியல"ன்னு சொல்றது இதைத்தான். அப்பா போனில் கத்திப் பேசுறாரேன்னு நாம சிரிக்கிறதுக்குப் பின்னாலும் பல வீடுகளில் இதுதான் இருக்கு. உட்காதில் செத்த மயிர்செல்கள் திரும்ப முளைக்காது.

சோதிப்பது பெரிய வித்தையில்லை. ஆடியோமீட்டரும் அமைதியான அறையும் போதும். சிக்கல் டேட்டாவில். அமெரிக்க ஓஷா விதிப்படி, இரைச்சலில் வேலை தொடங்கி 6 மாதத்துக்குள் முதல் சோதனை, பிறகு வருஷா வருஷம். 2000, 3000, 4000 ஹெர்ட்ஸில் சராசரியா 10 டெசிபல் சரிந்திருந்தால் நடவடிக்கை எடுக்கணும். கோட் எழுதுறவங்களுக்குச் சொல்லவே வேணாம், பழைய வெர்ஷன் இல்லாமல் டிஃப் எடுக்க முடியாது. இங்கே கம்பெனி மாறினால், சோதனை நடந்திருந்தாலும் தாள் பழைய கம்பெனி ஃபைலோடு நின்னுடும். புதுக் கம்பெனி "வரும்போதே இப்படித்தான்" என்று சொல்லலாம். இந்தியாவின் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக இருந்தது. ஆனா கல்ஃபில் காதைக் கொடுத்துட்டு ஊர் திரும்பினவர் எந்தத் தாளைக் காட்டுவார்? வயசாயிடுச்சுன்னு முடிச்சிடுவாங்க.

விசா மெடிக்கலில் ரத்தமும் மார்பு எக்ஸ்ரேயும் எடுக்கிறாங்களே, அங்கேயே காதையும் சேர்த்தால் என்னன்னு கேட்கலாம். எனக்கு உடன்பாடில்லை. இங்கே இருக்கலாமா, கூடாதான்னு முடிவாகிற வரிசை அது. அங்கே காதைச் சோதித்தால், கேட்காத பீப்புக்கும் கேட்டதா பட்டனை அமுக்கத்தான் பார்ப்பார். கடன் இருக்கிற ஆள் வேறென்ன செய்வார்? சோதனையைக் கம்பெனி செலவில் நடத்தட்டும், முடிவு அன்றைக்கே தொழிலாளியின் போனுக்கு வரட்டும். சரிவு தெரிந்தால் மாற வேண்டியது மெஷின், ஷிஃப்ட், காதடைப்பான். டிக்கெட் போட்டு அனுப்புறது தீர்வாகாது.

அதுவரை, உங்க வீட்டில் ஃபேப்ரிகேஷன், கப்பல் பட்டறைன்னு வேலை பார்க்கிறவங்க இருந்தா, அடுத்த லீவில் ஊரில் ஒரு ஆடியோகிராம் எடுக்கச் சொல்லுங்க. சத்தத்தை விட்டு 14 மணி நேரமாவது தள்ளி இருக்கணும், லீவில் அது சுலபம். 3000, 6000 ஹெர்ட்ஸையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கணும். பல இடங்களில் கேட்டால்தான் போடுவாங்க. தாளைப் படம் பிடித்து, தேதியோட குடும்ப வாட்ஸப்பில் போட்டு வையுங்க.