மேடைக்கு ஆள் உண்டு. கொட்டகைக்கு ஆள் எங்கே?

நமது வாலிபர்களில் கலையில் ஆசையுள்ளவர்களைக் கூப்பிட்டுக் கேட்டால், நடிகனாக வேண்டும், பாடகனாக வேண்டும் என்று சொல்லுகிறார்களே ஒழிய, "நாடகக் கொட்டகையை நிர்வகிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று சொல்லுகிறவரைக் காண்பது அரிதாயிருக்கிறது. முகத்தில் அரிதாரம் பூசுவதுதான் கலை, மற்றதெல்லாம் கூலி வேலை என்கிற எண்ணமே இதற்குக் காரணமாகும். இது, முகத்தில் பிறந்தவன் மேல், காலில் பிறந்தவன் கீழ் என்கிற வருணாசிரமப் புத்தியின் மிச்சமே என்று சொல்லுவோம்.

தோழர்களே, யோசித்துப் பாருங்கள். எந்த நாடகத்துக்குத் தேதி கொடுப்பது, எதற்கு மறுப்பது, வாடகை எவ்வளவு, முன் வரிசையில் யாரை உட்கார வைப்பது என்பதையெல்லாம் தீர்மானிக்கிறவன் யார்? சாவி வைத்திருக்கிறவன் அல்லவா? சாவி ஒருவன் இடுப்பிலும் தொண்டை மற்றொருவனிடத்திலும் இருக்குமானால், சாவிக்காரன் விரும்புகிற பாட்டைத்தானே தொண்டைக்காரன் பாட முடியும்?

இதற்குச் சரித்திரமே சாட்சி. 1941-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்து, கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேண்டும் என்று கிளர்ச்சி எழுந்தபோது, சென்னை மியூசிக் அகாடமி அதை எதிர்த்து நின்றது. தமிழில் பாட்டு இல்லையா? பாடத் தமிழர் இல்லையா? இரண்டும் இருந்தன, மேடைதான் கையில் இல்லை. ஆகவேதான் 1943-ல் தமிழ் இசைச் சங்கம் ஏற்படுத்தவும், பின்னர் ராஜா அண்ணாமலை மன்றம் கட்டவும் வேண்டியதாயிற்று. தம் நாடகங்களுக்காகத் தடைகளைச் சந்தித்த எம்.ஆர். ராதாவின் பெயரால் சென்னைப் பெரியார் திடலில் ஒரு மன்றம் நிற்பதும் சும்மா அல்ல.

இந்த நிர்வாகம் எந்தக் குலத்துக்கும் பிறவிப் பாத்தியதை அன்று. சங்கரதாஸ் சுவாமிகளின் கம்பெனியில் சிறு பையன்களாக நடித்த டி.கே.எஸ். சகோதரர்கள், 1925-ல் பால சண்முகானந்த சபாவைத் தாங்களே தொடங்கி நடத்தினார்கள். அதற்கும் முன்பே கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டே நாடகக் கம்பெனி நடத்தினார். பெண்ணுக்கு நிர்வாகம் வராது என்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்லுவார்கள்?

நிற்க, கொட்டகை திறப்பதற்கு நல்ல நேரம் பார்த்து, ஹோமம் வளர்த்து, பூசணிக்காய் உடைக்கிறவர்கள், அவசரக் கதவு திறக்கிறதா என்று பார்க்கிறார்களா? நெருப்பே அண்டாதது என்று விளம்பரம் செய்யப்பட்ட சிகாகோ இராக்குவா நாடகக் கொட்டகையில், 1903 டிசம்பர் 30-ந் தேதி பிடித்த தீயில் 600 பேருக்கு மேல் மாண்டார்கள். அங்கே பல கதவுகள் பூட்டிக் கிடந்தன. டெல்லி உபகார் சினிமாக் கொட்டகையில் 1997 ஜூன் 13-ந் தேதி மின்மாற்றித் தீயின் புகை பால்கனியில் நிறைந்து 59 பேர் செத்தார்கள். அதிகப்படி நாற்காலிகள் போட்டு ஒரு பக்கத்து வழியை அடைத்திருந்தார்கள். இதை விதி என்பதா? இராகு காலத்தின் வேலை என்பதா? காசாசையும் அறியாமையும் சேர்ந்து செய்த கொலை என்பதே நமது அபிப்பிராயமாகும். வழியை அடைக்காமல் காத்திருக்கக்கூடிய ஒரு நல்ல நிர்வாகி, ஆயிரம் ஹோமத்துக்கு மேலானவன்.

ஆகவே, இது அறிவோடு கற்க வேண்டிய தொழில். டிக்கெட் விற்கிற ஜன்னலில் தொடங்குங்கள். வரவு செலவுக் கணக்கு எழுதப் பழகுங்கள். ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். விளக்குக்காரரிடமும் ஒலிபெருக்கிக்காரரிடமும் கேள்வி கேளுங்கள். போலீஸ் அனுமதியும் தீயணைப்பு விதியும் என்ன சொல்லுகின்றன என்று தெரிந்து கொள்ளுங்கள். மேடைக் கலையை முறையாகப் படிக்க டெல்லியில் 1959-ல் ஏற்பட்ட தேசிய நாடகப் பள்ளியும், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரால் ஒரு பள்ளியும் இருக்கின்றன. அங்கே இடம் கிடைக்காதவர்கள் மனமுடைய வேண்டியதில்லை. உள்ளூர் மன்றமே ஒரு பள்ளிக்கூடம்தான்.

நகரசபைகளுக்கும் சபாக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: மண்டபத்தைக் காக்க ஒரு காவற்காரரை மட்டும் வைத்துவிட்டு, கலையை வளர்ப்பதாகச் சொல்லாதீர்கள். ஜாதியும் சிபாரிசும் பார்க்காமல், தெரிந்தவருக்கு வேலையும் பிழைக்கத்தக்க சம்பளமும் கொடுங்கள். இரவு நேர வேலை முடிந்து பெண்கள் பத்திரமாக வீடு சேர வழி செய்யுங்கள்.

மேடையில் பேசுகிறவர் சுதந்திரமாகப் பேச வேண்டுமானால், சாவி சுயமரியாதையுள்ளவர் கையில் இருக்க வேண்டும். அந்தக் கை உங்களுடையதாயிருக்கட்டும்!