சோதனைக் குழாயில் செத்த கிருமி

"ஐயா, புன்னை மரத்துல எய்ட்ஸுக்கு மருந்து இருக்காமே! தம்பிக்கு நீங்களே ஒரு கஷாயம் போட்டுக் குடுங்க. அந்த மாத்திரையை நிறுத்திடலாம்."

போன மாதம் ஒரு பெண்மணி என்னிடம் கேட்டது இது. கையில் ஒரு பத்திரிகைத் துண்டு. செய்தி முழுப் பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். பாதி உண்மை. அதுதான் சங்கடம்.

1987-ல் மலேசியாவின் சரவாக் காட்டில், நம் புன்னைக்குப் பங்காளி முறையான ஒரு மரத்தின் இலை, குச்சிகளைச் சேகரித்தார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் சோதனையில் அதன் சாறு எச்.ஐ.வி.யைத் தடுத்தது. பிரித்தெடுத்த பொருளுக்குக் கலனோலைட்-ஏ என்று பெயர், 1992-ல் வெளியிட்டார்கள். இன்னும் கொஞ்சம் இலை வேண்டுமென்று திரும்பிப் போனால், மரத்தையே யாரோ வெட்டிவிட்டார்கள்! அதே இனத்து வேறு மரங்களில் அந்தச் சத்து சரியாகக் கிடைக்கவில்லை. பிறகு ரசாயன முறையில் தயாரித்து, மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் கட்டம் வரை போனார்கள். மருந்தாக அது இன்னும் வரவில்லை. நம் புன்னையிலும் இனோஃபில்லம் என்ற பொருள் கிருமியின் ஒரு நொதியைத் தடுக்கிறது என்று 1993-ல் கண்டார்கள். அதுவும் சோதனைக்கூடத்தோடு சரி.

அங்கே என்ன செய்கிறார்கள்? மனித வெள்ளணுக்களைச் சின்னச் சின்னக் குழிகளில் வளர்த்து, கிருமியை விட்டு, சாற்றைச் சேர்க்கிறார்கள். ஆறு நாள் கழித்து ஒரு சாயம். உயிருள்ள அணு இருந்தால் ஆரஞ்சு நிறம் வரும். கிருமி அடங்கினால் மட்டும் போதாது, சாறே அணுவைக் கொன்றுவிடக் கூடாது. கேமரூன் நாட்டுக் கொடி ஒன்றில் கிடைத்த மிச்செல்லமின்-பி, நச்சுத்தன்மையால்தான் கைவிடப்பட்டது.

இன்னொரு வேடிக்கை. துவர்ப்புள்ள சாறு எதைப் போட்டாலும் கிருமி அடங்கின மாதிரி தெரியும். துவர்ப்புக்குக் காரணமான டானின் எந்தப் புரதத்தையும் பிடித்துக்கொள்ளும். கடுக்காயை ஊறவைத்து விட்டாலும் 'வெற்றி'தான்! அதனால் முதலில் டானினை நீக்கிவிட்டுத்தான் ஒழுங்கான கூடங்கள் சோதிக்கின்றன. விளம்பரம் போடுகிற நம்மவர்களில் எத்தனை பேர் இதைச் சொல்கிறார்கள்? பாளையங்கோட்டையில் படித்தவன் நான், சித்த மருத்துவத்தைக் குறைத்துப் பேசவில்லை. நம் மருந்துகளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். தோற்றாலும் வெளியிட வேண்டும். எய்ட்ஸைக் குணப்படுத்துவதாகச் சொல்லி மருந்து விற்பதை மருந்துச் சட்ட விதிகளின் 'ஜே' அட்டவணை தடுக்கிறது. 

அந்த அம்மாவிடம் சொன்னேன்: "புன்னை எண்ணெயை மூட்டுவலிக்குப் பூசச் சொல்வேன். இதுக்குக் கஷாயம் தர மாட்டேன். மாத்திரையை நிறுத்தினா அடங்கின கிருமி திரும்ப எழும்பும். விட்டு விட்டுச் சாப்பிட்டா, மருந்துக்கே மசியாத கிருமியா மாறிடும்."

தம்பி சாப்பிடுவது டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரை. கூடவே எங்கேயோ வாங்கிய சங்கு பற்பமும் சாப்பிடுகிறாராம்! சங்கு என்பது சுண்ணாம்புச் சத்துதானே? சுண்ணாம்பு, இரும்புச் சத்துகள் அந்த மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். அயச் செந்தூரத்துக்கும் இதே கதை. பற்பத்தை நிறுத்தச் சொல்லி, அவர் சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஏ.ஆர்.டி. மைய டாக்டரிடம் காட்டச் சொல்லி அனுப்பினேன். பத்திரிகைத் துண்டை என் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார்.