சைலன்சர் யாருக்காக?

கொஞ்சம் நீளமான பதிவு. வண்டிப் பிரியம் உள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களிடமும் காட்டுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவர் ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். வெளிநாட்டுக்காரர் ஒருவர் தன் வீட்டு வாசலிலேயே ஸ்போர்ட்ஸ் காரை ஜாக்கி போட்டுத் தூக்குகிறார். கம்பெனி கொடுத்த சைலன்சரை அறுத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெறும் குழாயை வெல்டிங் வைக்கிறார். ஸ்டார்ட் செய்ததும் ஒரே கர்ஜனை. "சார், இதே மாதிரி என் பைக்கில் செய்யலாமா? சவுண்டு சும்மா அள்ளும்" என்று கேட்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் இது அவர் ஒருவரின் கேள்வி இல்லை. எங்கள் தெருவிலேயே இப்படி மாற்றிய பைக்குகள் மூன்று ஓடுகின்றன. அதனால்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வண்டிச் சத்தத்தை ரசிப்பது குற்றம் என்று நான் சொல்லவே மாட்டேன். யமஹா ஆர்.எக்ஸ். 100, எஸ்டி, ராஜ்தூத், திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட், இவை நான்கையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்லும் காது எங்கள் தலைமுறைக்கு உண்டு. ஹார்லி டேவிட்சன் கம்பெனி தன் இன்ஜின் சத்தத்தையே வணிக முத்திரையாகப் பதிவு செய்ய 1994இல் விண்ணப்பித்தது. மற்ற கம்பெனிகள் எதிர்த்தன. 2000இல் அந்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சத்தத்துக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது. அதனால் பிள்ளைகளின் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ரம்பத்தை எடுக்கிறார்களே, அதுதான் எனக்கு வருத்தம்.

வாத்தியார் புத்தி, கொஞ்சம் கணக்குப் போட்டுவிடுவோம். ஒரு சிலிண்டர் உள்ள நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை புகையை வெளியே தள்ளும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் 1,500 முறை. நொடிக்கு 25 முறை. புல்லட்டின் "டப் டப்" இதுதான். எட்டு சிலிண்டர் உள்ள ஸ்போர்ட்ஸ் கார் 8,000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 533 முறை தள்ளும். காது அதைத் தனித்தனி அடியாகக் கேட்காது, ஒரே ஸ்வரமாகக் கேட்கும். அதிலும் ஃபெராரியின் எட்டு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட்டின் அமைப்பே வேறு. இரண்டு பக்கச் சிலிண்டர்களும் மாறி மாறி வெடிக்கும். அந்தக் கூர்மையான குரல் அங்கே பிறக்கிறது. அமெரிக்க எட்டு சிலிண்டர் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு வேறு மாதிரி கிராங்க். அதனால் அவை குமுறும்.

ஆக, வண்டியின் குரல் இன்ஜினில் இருக்கிறது. சைலன்சரை வெட்டினால் அந்தக் குரல் மாறி இன்னொரு வண்டி ஆகிவிடாது. இருந்த குரலே தட்டிக் கேட்க ஆளில்லாமல் வெளியே வரும், அவ்வளவுதான். நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்பவர் ஒரு துளையை எங்கே போடுவது என்று எத்தனை முறை அளந்து பார்ப்பார்! சத்தம் கூடட்டும் என்று எங்கேயாவது ஓட்டை போட்டால் அது வாத்தியம் ஆகுமா?

"சத்தம் மட்டுமில்ல சார், இழுவையும் கூடும்" என்பார்கள். எல்லாருக்கும் பிடித்த ஆர்.எக்ஸ். 100ஐயே எடுத்துக்கொள்வோம். அது இரண்டு ஸ்ட்ரோக் வண்டி. அந்த வகை வண்டியின் புகைக்குழாய் நடுவில் பருத்து, முனையில் குறுகி இருக்கும். வெளியே போகும் அழுத்த அலை குறுகும் இடத்தில் மோதித் திரும்பி வந்து, எரியாமல் தப்பிய பெட்ரோல் கலவையைச் சிலிண்டருக்குள் மறுபடி தள்ளும். 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். கம்பெனியில் வால்டர் காடன் என்ற பொறியாளர் இந்த வித்தையை வளர்த்தெடுத்துத்தான் சின்ன வண்டிகளைப் பந்தயக் குதிரைகளாக்கினார். அந்தக் குழாயை ஹேக்ஸா பிளேடால் அறுப்பவர் வண்டியின் பலத்தையும் சேர்த்து அறுக்கிறார். சத்தம் கூடியதால் வேகமும் கூடியதுபோல் ஒரு மயக்கம் வரும். நிறைகுடம் தளும்பாது என்பது வண்டிக்கும் பொருந்தும்.

இன்றைய வண்டிகளில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 விதி. புகைக்குழாய்க்குள் தேன்கூடு மாதிரி ஒரு பாகம் இருக்கும், கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் என்பார்கள். அதில் பூசியிருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் நச்சுப் புகையைத் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றும். சைலன்சரோடு சேர்த்து அதையும் வெட்டி எறிந்தால், சத்தத்தோடு விஷத்தையும் தெருவுக்குக் கொடுக்கிறோம்.

வீட்டிலேயே செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் வெல்டிங் வைப்பது தீயோடு விளையாடுவது. மாற்றி முடித்ததும் சத்தம் கேட்கும் ஆசையில் ஷெட்டுக்குள்ளேயே வண்டியை முறுக்குவார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூடிய ஷெட்டில் அது ஆளைக் கொன்றுவிடும். காரில் இணைப்பு சரியாக மூடாமல் கசிந்தால், அந்த வாயு கண்ணாடி ஏற்றிய காருக்குள் ஏறவும் வழி உண்டு. பின்சீட்டில் தூங்குகிற குழந்தைக்கு யார் பொறுப்பு?

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம்.

வண்டியில் இருக்கும் ஒவ்வொரு பாகமும் ஓட்டுபவருக்காக இருக்கிறது. சீட் அவர் உட்கார, பிரேக் அவர் நிற்க, ஷாக் அப்சார்பர் அவர் முதுகுக்கு. ஹாரனும் இண்டிகேட்டரும் மற்றவருக்குச் செய்தி சொல்பவைதான், ஆனால் அதிலும் நம் பாதுகாப்பு இருக்கிறது. சைலன்சர் ஒன்றுதான் முழுக்க முழுக்க அடுத்தவருக்காக வைத்தது. நாம் காசு கொடுத்து வாங்கிய வண்டியில் தெருவில் இருப்பவர்களின் பங்கு அது. அதை அறுப்பவர் தன் பொருளை அறுப்பதாக நினைக்கிறார். அது அவருடையது இல்லை.

துப்பாக்கிக்குச் சைலன்சர் செய்து 1909இல் காப்புரிமை வாங்கியவர் ஹிராம் பெர்சி மாக்சிம். அதே தத்துவத்தை இன்ஜின்களுக்கும் கொண்டுபோனவர். அவருடைய அப்பாதான் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். காலமெல்லாம் துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவில் இருந்து கடைசியில் காது கேளாமல் போனவர். அப்பா சத்தத்தைப் பெருக்கினார், பிள்ளை அதை அடக்க வழி தேடினார். நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது!

சத்தத்தின் கணக்கையும் பார்த்துவிடுவோம். 175 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள் கம்பெனியிலிருந்து வரும்போது 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது விதி. மாற்றிய ஒரு பைக் 100 டெசிபல் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 20தானே கூடுதல் என்று நினைக்கக் கூடாது. டெசிபலில் ஒவ்வொரு 10க்கும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு கூடும். 20 கூடினால் நூறு மடங்கு. ஒரு பையன் ஒரு வண்டியில் போகிறான், ஆனால் நூறு வண்டியின் சத்தம் தெருவுக்குள் நுழைகிறது. குடியிருப்புப் பகுதிக்கு 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வைத்திருக்கும் வரம்பு பகலில் 55, இரவில் 45 டெசிபல். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் அமைதி மண்டலம் என்று அறிவித்த இடத்தில் 50, 40.

மெயின் ரோட்டை ஒட்டிய பள்ளியில் 14 வருஷம் பாடம் நடத்தியவன் நான். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று முதல்முறையாக எழுத்துக்கூட்டி ஒரு வரியைப் படித்துக்கொண்டிருக்கும். அந்த நேரம் ஜன்னலுக்கு வெளியே ஒரு வண்டி அலறிக்கொண்டு போகும். பிள்ளை நிறுத்திவிடும். மறுபடி அந்த வரியைத் தொடங்க அதற்குத் தைரியம் வராது. ஓட்டிக்கொண்டு போனவருக்கு இது தெரியவே தெரியாது. கைக்குழந்தை எழுந்து வீறிட்டதும், இதய நோயாளி திடுக்கிட்டு உட்கார்ந்ததும் தெரியாது. அவர் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார்.

"சத்தம் இருந்தாத்தான் சார் லாரிக்காரன் ஒதுங்குவான், அது பாதுகாப்பு" என்று ஒரு வாதம். புகைக்குழாயின் வாய் பின்பக்கம் பார்த்து இருக்கிறது தம்பி. முன்னால் போகிறவருக்கு, அதுவும் கண்ணாடி ஏற்றி ஏ.சி. போட்டுப் போகிறவருக்கு, நீங்கள் நெருங்கிய பிறகுதான் கேட்கும். பாதுகாப்பு வேண்டுமென்றால் ஹெல்மெட் இருக்கிறது. சைலன்சரை மாற்ற ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்கள் பலர் அதை டேங்க் மேல் மாட்டிக்கொண்டு போவதை தினமும் பார்க்கிறேன்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஒலி, புகை விதிகளை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை. லைசென்ஸும் மூன்று மாதத்துக்குப் போய்விடும்.

ஆனால் சட்டம் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது. பறிமுதல் செய்த சைலன்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் படங்களைப் பேப்பரில் பார்க்கிறோம். அதைப் பட்டப்பகலில் விற்ற கடை, மாட்டிக் கொடுத்த பட்டறை மீது என்ன நடவடிக்கை? ஏர் ஹாரன் அடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலைக் கடக்கும் பேருந்துக்கு? கட்சிக் கொடி கட்டி நூறு பைக்கில் முறுக்கிக்கொண்டு போகும் ஊர்வலத்துக்கு? பதினெட்டு வயதுப் பையனிடம் மட்டும் சட்டம் பேசினால் அவன் சிரிப்பான்.

நான் கேட்டுக்கொள்வது இவைதான்.

பெற்றோர்களே, பெரும்பாலும் அந்தச் சைலன்சரை வாங்கியது உங்கள் காசு. எதற்கென்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

தம்பிகளே, முறுக்கித்தான் பார்க்க வேண்டுமென்றால் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் பந்தயத் தடங்கள் இருக்கின்றன. அங்கே போய் முறையாகக் கற்றுக்கொண்டு ஓட்டுங்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், கலிஃபோர்னியாவில் லகுனா செகா என்ற புகழ்பெற்ற பந்தயத் தடத்திலேயே, பக்கத்தில் குடியிருப்பவர்களுக்காக ஒலி வரம்பு வைத்திருக்கிறார்கள்.

அதிகாரிகளே, பிடித்த சைலன்சர்களை எல்லாம் நசுக்காதீர்கள். கம்பெனி சைலன்சர் ஒன்று, மாற்றியது ஒன்று, இரண்டையும் நீளவாக்கில் வெட்டி அரசுப் பள்ளிகளுக்கும் ஐ.டி.ஐ.களுக்கும் கொடுங்கள். உள்ளே இருக்கும் அறைகள், துளையிட்ட குழாய்கள், சத்தத்தை உறிஞ்சும் கண்ணாடிப் பஞ்சு எல்லாவற்றையும் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். ஒலி அலை ஒன்றோடு ஒன்று மோதி அடங்குவதைப் பாடப் புத்தகத்தில் படிப்பதைவிட அதில் நன்றாகப் புரியும். ஒரு பொருளை இன்னொருவர் எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார் என்று பார்த்துவிட்ட பிள்ளைக்கு அதை அறுக்க அவ்வளவு சீக்கிரம் மனசு வராது.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். சத்தம் போடாமல் விவாதிப்போம்.