நஞ்சழிக்கும் நெறி தமிழில் வரட்டும்!

புற்றுநோய் முற்றிய முதியவர் ஒருவர் தம் இறுதி நாள்களை வீட்டிலேயே கழிக்கின்றார். வலி தாளாது துடிக்கும் அவர்க்கு மருத்துவர் மார்பின் வில்லைகளை எழுதித் தருகின்றார். சில கிழமைகளில் அவர் மறைந்து விடுகின்றார். இறுதிக் கடன்கள் முடிந்த பின், பேழையில் எஞ்சிக் கிடக்கும் வில்லைகளை என்ன செய்வதென்று வீட்டார் திகைக்கின்றனர். வீட்டில் வைத்திருந்து குழந்தை எடுத்து விழுங்கினால் உயிர்க்கே இறுதி. தெருவில் எறிந்தால் தீயவர் கைக்கு வாணிகப் பொருள். வலியைத் தணித்த மருந்தே நஞ்சாய் நிற்கும் இந்நிலை, நெமிலிச்சேரியிலும் வரும். நாட்டின் எம்மூலையிலும் வரும்.

இதற்கு விடையாக 2025 மே திங்களில் நடுவணரசின் மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, வழிகாட்டு ஏடு ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டது. மார்பின், பெந்தனில் முதலிய 17 மருந்துகளை, வீட்டில் எஞ்சினால், கழிப்பிடத்திலோ கழுவு தொட்டியிலோ நீர்விட்டுப் போக்கி விடுமாறு அவ்வேடு கூறுகின்றது. பிற மருந்துகளைத் திரும்பப் பெறும் ஏற்பாட்டினை, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் மருந்து வணிகர் சங்கங்களும் சேர்ந்து தொடங்கலாம் என்றும் அது சொல்கின்றது.

நோக்கம் நன்றே. ஆனால், நெமிலிச்சேரி, திருநின்றவூர், பட்டாபிராம் எனக் கூவம் ஓடும் இப்புறநகர்ப் பகுதிகளில், மலக்குழியும் ஆழ்துளைக் கிணறும் ஒரே மனைக்குள் அமைந்த வீடுகள் எத்தனை! மேலே கரைத்து விடும் மருந்து கீழே எங்குப் போகும் என்பதை, அங்குக் குடியிருப்போரும் கழிவு வண்டி ஓட்டுவோருமன்றோ அறிவர்? அவ்வாறே, எஞ்சிய மார்பினைத் தம் கடையில் திரும்ப வாங்கி வைத்தால், உரிமம் இன்றி அதனை வைத்திருந்ததாகத் தம்மீதே வழக்கு வருமோ என்னும் அச்சத்தை, சிறு மருந்துக் கடைக்காரரன்றோ எடுத்துரைக்க முடியும்? நெறி வகுப்போர் கேட்க வேண்டியது இவர்களைத்தான்.

நெறி ஏட்டில் மட்டும் இருந்தால் என்னாகும் என்பதற்குச் சென்னையே சான்று. கைப்பற்றிய மயக்கப் பொருள்களை விரைந்து அழிக்குமாறு 2016-இல் உச்சநீதி மன்றம் ஆணையிட்டது. 2022-இல் புதிய விதிகளும் வந்தன. ஆயினும், 2023 சூலையில் சென்னை நீதிமன்றம் ஒன்றில், கைப்பற்றி வைத்திருந்த ஏறத்தாழ 22 கிலோ கஞ்சாவில் பெரும்பகுதியை எலிகள் தின்றுவிட்டன எனக் காவல் துறை கூறிற்று. குற்றஞ் சாட்டப்பெற்ற இருவரும் விடுவிக்கப் பெற்றனர். செங்கற்பட்டு மாவட்டத் தென்மேல்பாக்கத்து எரியுலையில் காவல் துறையினர் கஞ்சாவை எரிப்பதுண்டு. ஆனால், எரித்தல் ஒன்றே வேலையன்று. எவ்வளவு சூட்டில் எரிவது, புகை எங்குப் போவது, சாம்பலை எங்குக் கொட்டுவது என்பனவெல்லாம் உலையருகே நின்று உழைப்பவனுக்கும் ஊரார்க்கும் விளங்கியிருத்தல் வேண்டும்.

அமெரிக்க நாடு, மருந்துக் கடைகளே எஞ்சிய மருந்தைத் திரும்பப் பெறுதற்கு 2014-இல் விதி செய்தது. எரித்தலுக்கு மாற்று வழிகள் யாவை என 2023-இல் தொழில் துறையினரையும் பொதுமக்களையும் கேட்டது. அங்குள்ள கடைக்காரன் தன் நாட்டில் வழங்கும் மொழியில் படித்தான். அம்மொழியிலேயே விடை எழுதினான். இங்கோ, நடுவணரசின் விதிகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அரசிதழில் ஏறுகின்றன. பெருநிறுவனங்கள் வழக்கறிஞரை வைத்துக் கருத்துரை அனுப்புகின்றன. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் சிறு தொழில் முனைவோனும், ஆவடிக் கடைக்காரனும் வாயடைத்து நிற்கின்றனர். மொழி புரியாதவனிடம் கருத்துக் கேட்பது, செவி பொத்தியவனிடம் பாட்டுக் கேட்கச் சொல்வது போன்றதே!

இது முடியாத செயலுமன்று. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் பெயர்க்குமாறு 2020 சூன் 30-இல் தில்லி உயர்நீதி மன்றம் ஆணையிட்டது. காற்றுக்கும் நீருக்கும் பொருந்திய அவ்வறம், நஞ்சுக்குப் பொருந்தாதோ?

எனவே, மருந்தழிக்கும் நெறி எதுவாயினும், அதன் வரைவு தமிழில் வெளிவரல் வேண்டும். தமிழில் எழுதிய கருத்துரையை அரசு ஏற்று, விடையும் தமிழிலேயே தரல் வேண்டும். தமிழக அரசும் மருந்து வணிகர் சங்கங்களும் ஊர்தோறும் எஞ்சிய மருந்தைத் திரும்பப் பெறும் இடம் அமைத்து, அதன் வாயிலில் அறிவிப்பைத் தூய தமிழில் எழுதி வைத்தல் வேண்டும். கேரள அரசு 2025-இல் கோழிக்கோட்டில் இத்தகைய திட்டத்தைத் தொடங்கிக் காட்டியுள்ளது. தமிழகத்தால் மட்டும் இயலாதோ?

தமிழ்க் காப்பு என்பது பழம்பாட்டைப் போற்றுவது மட்டுமன்று. ஒரு தாய் தன் வீட்டுப் பேழையைத் திறந்து, இம்மருந்தை இன்னவாறு அழிக்க வேண்டும் எனத் தன் மொழியில் படித்தறிந்து, தன் குழந்தையைக் காத்துக் கொள்வதும் தமிழ்க் காப்பே. தமிழன்பர்கள் இதனைத் தத்தம் ஊர் மன்றங்களில் எடுத்துரைப்பார்களாக!