பரீட்சை மண்டபத்திற் கணிப்பான்

அமெரிக்கச் சர்வகலாசாலைகளிற் சேர விரும்புவோர் எழுதும் எஸ்.ஏ.டி. பரீட்சையிற் கணிப்பான் 1994ஆம் ஆண்டில் அனுமதிக்கப்பட்டது. 2016இல், கணிப்பானின்றி எழுதவேண்டிய பகுதியொன்று அதிற் புகுத்தப்பட்டது. 2024இல் அந்நாட்டில் இப்பரீட்சை முற்றாகக் கணினிக்கு மாறியபோது அப்பகுதியும் மறைந்தது; வரைபு வரையும் கணிப்பானொன்று திரையிலேயே எல்லோருக்கும் வைக்கப்பட்டது. இங்கிலாந்தோ எதிர்த்திசையிற் சென்றது. ஆரம்பப் பாடசாலையை விட்டு நீங்கும் பதினொரு வயதுப் பிள்ளைகளின் தேசியப் பரீட்சையில் 2014 முதல் கணிப்பானுக்கு இடமில்லை.

இவை ஒன்றையொன்று மறுப்பன என நாம் கருதவில்லை. பதினொரு வயதிற் பெருக்கலும் வகுத்தலுமே பாடம். அவற்றையும் கருவியிடம் ஒப்படைத்துவிட்டாற் பரீட்சிப்பதற்கு என்ன எஞ்சும்? பதினேழு வயதிலோ கணக்கை எவ்வாறு அமைப்பது என்பதே பாடம். மடக்கை அட்டவணையைப் புரட்டிக் கற்ற ஆசிரியர்கள் சிலர் கணிப்பானைக் கண்டு முகஞ் சுளிக்கின்றனர். அட்டவணையும் கருவிதானே!

எமது கவலை வேறு. அமெரிக்க மாணாக்கர் தத்தம் கணிப்பானைக் கொண்டுசென்ற காலத்தில், வரைபு வரையுங் கருவியின் விலை நூறு டொலரை எட்டியது. அதற்கு மேலும் சென்றது. வசதி படைத்தவன் நல்ல கருவியுடன் அமர்ந்தான். மற்றவன் மலிவான ஒன்றுடன், அல்லது வெறுங் கையுடன் அமர்ந்தான். அவர்கள் முப்பது ஆண்டுகள் கழித்துத் திருத்திய இக்குறையை இங்கு நாம் புதிதாக உண்டாக்க வேண்டுமா?

எமது நாட்டிற் கணிப்பானை அனுமதிப்பது பற்றி முடிவெடுப்போரிடம் நாம் கேட்பது இதுவே: கொழும்பு வைத்தியரின் மகனுக்கும் கிளிநொச்சிக் கமக்காரனின் மகளுக்கும் ஒரே கருவியைப் பரீட்சை மண்டபத்திலேயே அரசாங்கம் வழங்க வேண்டும். அதற்குப் பணமில்லையெனின், பணம் வரும்வரை மடக்கை அட்டவணையே இருக்கட்டும்.